மூன்று வண்ண ஒயர்!
பழைய டி.வி.டி. பிளேயரின் பின்பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஓட்டைகள் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா குட்டீஸ்? மஞ்சள் வழியாகப் படம் போகும். வெள்ளை இடது பக்க ஒலிக்கு, சிவப்பு வலது பக்க ஒலிக்கு.

மஞ்சள் ஒயரை வெள்ளை ஓட்டையில் செருகினால் என்னாகும்? படம் வராது, ஸ்பீக்கர் 'கொர்ர்' என்று இரையும். தப்பு உடனே தெரிந்துவிடும். ஆனால், வெள்ளையும் சிவப்பும் இடம் மாறினால் லேசில் கண்டுபிடிக்க முடியாது. படமும் வரும், பாட்டும் கேட்கும். திரையில் ரயில் இடமிருந்து வலமாக ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும். 'தடதட' சத்தம் மட்டும் வலமிருந்து இடமாக ஓடும்!

பிளேயரில் 'அவுட்', டி.வி.யில் 'இன்' என்று எழுதிய இடத்தில் செருகுங்கள். 'அவுட்'டும் 'அவுட்'டும் சேர்ந்தால் இரண்டுமே பேசும், கேட்க ஆளிருக்காது. முதலில் சுவிட்சை அணைக்க மறக்காதீர்கள்.

2002ல் அறிமுகமான எச்.டி.எம்.ஐ. ஒயர் ஒன்றே படம், ஒலி இரண்டையும் கொண்டு போகிறது. அதன் முனையில் 19 பின்கள். வண்ணம் பார்க்கும் வேலையே இல்லை.

ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களை மட்டும் இன்றும் இடது, வலது பார்த்துத்தான் வைக்க வேண்டும். 'தும் தும்' என்று அதிரும் சப்-ஊஃபருக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. தாழ்ந்த ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நம் காதுக்கு எளிதில் தெரியாதே!