இருக்கும் இடத்தைச் சொல்லும் வானொலி

1967-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள், தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் நமது கேமரன் மலையில் காணாமற்போனார். நாட்கணக்கில் காடெங்கும் தேடியும் அவர் கிடைக்கவில்லை. காட்டில் ஒருவரைத் தேடுவதில் பெரிய தொல்லை, எங்கே தேடுவது என்று தெரியாததுதான். தன் இடத்தைத் தானே அறிவித்துக்கொண்டிருக்கும் ஒரு வானொலி முறை இருக்கிறது. அதைப் பற்றி இன்று பார்ப்போம்.

இது பாட்டுக் கேட்கும் வானொலி அன்று. அனுமதி பெற்ற ஆர்வலர்கள், வருமானம் கருதாமல், தங்களுக்குள் தொடர்பு கொள்ளும் அமெச்சூர் வானொலி. ஏ.பி.ஆர்.எஸ். எனப்படும் இந்த முறையை உருவாக்கியவர் அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் பணியாற்றிய பாப் புருனிங்கா. அவர் 2022-இல் காலமானார்.

இது எப்படி வேலை செய்கிறது? லாரியிலோ கையிலோ உள்ள கருவி, விண்ணில் சுற்றும் துணைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கொண்டு தன் இடத்தைக் கணக்கிடுகிறது. நமது கேமரன் மலை ஏறக்குறைய வட அட்சம் 4.5 பாகை, கிழக்குத் தீர்க்கம் 101.4 பாகை. இத்தகைய எண்களை வானொலி ஒலித்துடிப்புகளாக மாற்றி, சுமார் ஒரு நொடியில் அனுப்பிவிடுகிறது. மலேசியாவில் இதற்குரிய அலைவரிசை 144.390 மெகாஹெர்ட்ஸ்.

இந்த அலைகள் பெரும்பாலும் டார்ச் வெளிச்சம்போல் நேராகச் செல்பவை. மலை குறுக்கிட்டால் தடைபடும். கோலா தெர்லா பள்ளத்தில் நிற்பவரின் சிறு கருவி, மலைமுகட்டுக்கு அப்பால் எட்டாமல் போகலாம். அதனால் உயரமான இடத்தில் அஞ்சல் நிலையம் ஒன்றை அமைப்பார்கள். பெரட்டில் கங்காணி சொல்வது பின்வரிசைக்குக் கேட்காதபோது நடுவில் நிற்பவர் திருப்பிச் சொல்வாரல்லவா? அதே வேலைதான் இது.

அடுத்தது, ஐகேட் எனப்படும் இணைய வாசல். இதற்கு ஒரு பக்கம் வானொலி, மறுபக்கம் இணையம். அலையில் வந்த செய்தியைக் கேட்டு இணையத்தில் சேர்க்கிறது. உடனே உலகின் எந்த மூலையிலிருந்தும் அந்த இடத்தை வரைபடத்தில் காணலாம். இரண்டு வாசல்கள் ஒரே செய்தியைக் கேட்டாலும் இணைய வலையமைப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். கேட்பதற்கு மட்டுமான வாசலுக்கு ஓர் ஆன்டெனா, ஒரு சிறு வாங்கி, ஒரு சிறிய கணினி, மின்சாரம், இணையம் ஆகியவை போதும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆயிரம் பேர் கருவி வைத்திருந்தாலும், கேட்கும் காது இல்லாவிட்டால் செய்தி காற்றோடு போய்விடும். அதனால் மலைநாட்டில் உயரமான இடத்தில் உள்ள ஒரே ஒரு வாசல், பள்ளத்தில் உள்ள பத்துக் கருவிகளைவிடப் பயனுள்ளது.

இடத்தை மட்டுமா? மழைமானியை இணைத்தால் பெய்த மழையின் அளவையும் இதே வழியில் அனுப்பலாம். 2024 ஜனவரியில் புளூவேலியில் மண் சரிந்து ஐந்து வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மாண்டனர். சரிவுகளின் அடியில் குடியிருக்கும் நமக்கு, மேலே எவ்வளவு மழை பெய்கிறது என்பது உயிரைப் பற்றிய செய்தி.

இதன் எல்லைகளையும் அறிய வேண்டும். இணையம் அறுந்தால் வாசல் அடைபடும். ஆனால் அருகிலுள்ள வானொலிகள் ஒன்றையொன்று தொடர்ந்து கேட்கும். அனுப்பும் செய்தி எவர் கண்ணுக்கும் தெரியும். ஆகவே மறைக்க வேண்டியதை இதில் அனுப்பக்கூடாது. ஆபத்து நேர்ந்தால், கைப்பேசி எட்டும் இடத்தில் முதலில் அழைக்க வேண்டியது 999-தான்.

அனுமதியின்றி ஒலிபரப்புவது குற்றம். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் தேர்வில் தேறி, அழைப்புக்குறி பெற வேண்டும். மின்சாரம், அலை, சட்டம் ஆகியவையே பாடங்கள். லயத்து வீட்டில் பழைய வானொலியைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளை இருந்தால், ஏசாதீர்கள், பெற்றோரே. இந்தத் தேர்வைப் பற்றி அவனிடமோ அவளிடமோ சொல்லுங்கள். நம் மலையில் செய்தி கேட்கும் காதுகள் இன்னும் வேண்டும்.