சிமெண்டு, சாந்து, காங்கிரீட்

நெசவுக் கூடமோ விளைபொருட் கிடங்கோ கட்ட முற்படும் தேவதானப்பட்டி வட்டார அங்கத்தினர் பலர், இம்மூன்றையும் ஒன்றெனவே கருதுகின்றனர். மதிப்பீட்டில் ‘சிமெண்டு வேலை’ என்று மட்டும் எழுதினால், பெறுவது யாது என்பது எவர்க்கும் விளங்காது. சங்கப் பணம் வீணாவது அங்கேதான்.

சிமெண்டு என்பது சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுட்டு அரைத்த தூள். பிணைக்கும் பொருள் மட்டுமே. மணலும் நீரும் சேர்ந்தால் அது சாந்து. செங்கல்லைப் பிணைக்கவும் சுவர் பூசவும் உதவும். ஜல்லியும் சேர்ந்தால் காங்கிரீட். பாரம் தாங்க வல்லது அதுவே. சுவர்க் கட்டுக்கு ஒரு பங்கு சிமெண்டும் 6 பங்கு மணலும் போதும். கம்பி கட்டிய கூரைக்கோ, ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு மணலும் 3 பங்கு ஜல்லியும் வேண்டும்.

சிமெண்டு இன்றியும் காங்கிரீட் உண்டு. நமது கம்பம் பள்ளத்தாக்கிற்கு நீர் தரும் பெரியாற்று அணை 1895-இல் முடிவுற்றது. அதன் உட்பகுதி, சுண்ணாம்பும் சுட்ட களிமண் பொடியாகிய சுர்க்கியும் சேர்ந்த காங்கிரீட்டே.

காங்கிரீட் காய்ந்து இறுகுவதன்று; நீரோடு கூடி இறுகுவது. ஆயினும் கலக்கும்போது நீர் மிகுந்தால் வலிமை குன்றும். இட்ட பின்னரோ, குறைந்தது 7 நாள் ஈரம் காத்தல் வேண்டும்.

ஆகவே அங்கத்தினர்களே, ஒப்பந்தத்தில் பொருளின் பெயரையும் பங்கையும் எழுதி வாங்கிய பின்னரே கையொப்பமிடுங்கள்.