நான்காவது அலையின் ஆயுதம்

ரிக் யான்சி 2013இல் எழுதிய 'தி ஃபிஃப்த் வேவ்' பதின்பருவத்தினருக்கான அமெரிக்க நாவல். பூமியைத் தாக்கும் அந்நியர்கள் முதல் அலையில் மின்சாரத்தையும் இயந்திரங்களையும் முடக்குகிறார்கள். இரண்டாவதில் கடல் ஊருக்குள் புகுகிறது. மூன்றாவதில் பறவைகள் கொள்ளைநோயைப் பரப்புகின்றன. இத்தனைக்கும் தப்பியவர்களை என்ன செய்வது? மனித உருவத்திலேயே கொலையாளிகள் நடமாடுகிறார்கள். இதுதான் நான்காவது அலை. எதிரே வருபவர் மனிதரா, கொலையாளியா என்ற சந்தேகமே பாதி வேலையை முடித்துவிடுகிறது. கேஸி என்ற பதினாறு வயதுப் பெண், ஒரு கடைக்குள் அடிபட்டுக் கிடக்கும் சிப்பாயைச் சுட்டுக் கொல்கிறாள். அவன் கையில் மின்னியது ஆயுதம் என்று பயந்தாள். அது சிலுவை.

நாவலில் அறிவியலுக்கு மிக நெருக்கமான இடம் இதுதான் என்பேன். சக மனிதர் பக்கத்தில் இருப்பதை நம் உடம்பே கணக்கில் வைத்திருக்கிறது. உளவியலாளர் ஜேம்ஸ் கோனும் அவருடைய சகாக்களும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மணமான 16 பெண்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, கணுக்காலில் லேசான மின்அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார்கள். சிலமுறை தனியாக, சிலமுறை முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்தபடி, சிலமுறை கணவரின் கையைப் பிடித்தபடி அவர்கள் காத்திருந்தார்கள். கணவரின் கை கிடைத்தபோது, ஆபத்தைக் கண்டு பரபரக்கும் மூளைப்பகுதிகள் வெகுவாக அடங்கின. அன்பான மணவாழ்க்கை வாய்த்தவர்களிடம் இன்னும் கூடுதலாக அடங்கின. துணையோடு இருப்பதுதான் மூளைக்கு இயல்புநிலை, தனிமை என்பது அதன்மேல் ஏறும் கூடுதல் சுமை என்று கோன் பின்னர் விளக்கினார். அப்படியானால் நான்காவது அலை குறிவைப்பது மனத்தை மட்டுமல்ல.

தனிமையின் இந்தச் சுமையை ஒரு நகரமே அனுபவித்திருக்கிறது. 1995 ஜூலையில் சிகாகோவில் வெயில் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டது; 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் அருகருகே உள்ள இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். நார்த் லான்டேல், சவுத் லான்டேல் இரண்டிலும் ஏழைகள் அதிகம், தனியாக வாழும் முதியவர்களும் அதிகம். ஆனால் வடக்கில் சாவு விகிதம் ஏறத்தாழ பத்து மடங்கு. அங்கே கடைகள் மூடிக் கிடந்தன, வீடுகள் காலியாகியிருந்தன, தெருவுக்கு வரவே முதியவர்கள் அஞ்சினார்கள். தெற்கிலோ கடைவீதியில் எப்போதும் ஆள்நடமாட்டம் இருந்தது. வெளியே வந்து போகும் பழக்கம் பலரைக் காப்பாற்றியது. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருப்பது பாதுகாப்பு என்று தோன்றும். அந்த வாரம் அதுதான் ஆளைக் கொன்றது.

ஆனால் உறவுக்கும் ஒரு வேலி உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்தை ஆராய்ந்த டேனியல் ஆல்ட்ரிச், ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக இருந்த மீனவக் கிராமங்களுக்கு நிவாரணம் நன்றாகக் கிடைத்ததைக் கண்டார். அதே ஊர்களில் தலித்துகளும் விதவைகளும் நிவாரணப் பட்டியலில் விடுபட்டதையும் கண்டார். நம்மவர் என்ற கட்டு இறுகும்போது வெளியே நிற்பவர்கள் கண்ணில் படாமல் போகிறார்கள். யான்சியின் ஐந்தாவது அலை இந்தப் பலவீனத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது: சிறுவர்களுக்கு ராணுவப் பயிற்சி கொடுத்து, எதிரே வரும் மனிதர்களை அந்நியர் என்று நம்பவைத்துச் சுடச் சொல்கிறார்கள்.

கோனின் ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு முடிவும் இருக்கிறது. முன்பின் தெரியாதவரின் கைகூட ஓரளவு பயத்தைத் தணித்தது, கணவரின் கை அளவுக்கு இல்லாவிட்டாலும். நாவலிலும் அப்படி ஒரு கை வருகிறது. கேஸியைக் காலில் சுட்டு வீழ்த்துபவன் இவான் வாக்கர், அந்நியர்களின் ஆள். அவளைக் கொல்ல முடியாமல் பனியிலிருந்து தூக்கிச்சென்று மருந்து போட்டு, சோறூட்டி நடக்கவைப்பதும் அவனேதான். அந்நியர்கள் அத்தனை துல்லியமாகப் போட்ட திட்டம் அங்கேதான் முதலில் பிசகுகிறது.