உயிர்ச்சத்து ‘சீ’: குளிசையும் கறிச்சட்டியும்

மன்னார்த் தீவிலே பள்ளிமுனைக்குச் செல்வோர் அங்கு நிற்கும் பெருக்கமரத்தைக் கண்டு வியவாதிருப்பதில்லை. ஏறத்தாழ 19 மீற்றர் சுற்றளவுடைய அம்மரத்தின் இனத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பது மரபு. அதன் பருமனை வியப்போர் பலர். அவ்வினத்துக் கனியின் புளிப்புச் சதையில் தோடம்பழத்தினும் மிகுதியாக உயிர்ச்சத்து ‘சீ’ உண்டென்பதை அறிந்தோர் சிலரே.

கடலோடிகளுக்கும் இச்சத்துக்கும் உள்ள தொடர்பு நெடியது. மாதக்கணக்காகக் காய்கனியின்றிப் பயணஞ் செய்த மாலுமிகள் ஈறு வீங்கிக் குருதி கசிய, பற்கள் ஆட, ஆறிய புண்களும் மீண்டும் திறக்க மாண்டனர். ‘ஸ்கேவி’ எனப்படும் அந்நோய், 1498இல் கள்ளிக்கோட்டையை அடைந்த வாஸ்கொட காமாவின் கப்பல்களிலும் பலரைப் பலிகொண்டது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் பிரித்தானியக் கடற்படை மருத்துவர், நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்தளித்தார். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் உண்ட இருவரே விரைந்து தேறினர். பிற்காலத்தில் இச்சத்தைப் பிரித்தெடுத்த ஹங்கேரிய அறிஞர் சென்ட் ஜியோர்ஜி, 1937இல் நோபெல் பரிசு பெற்றார்.

தோல், ஈறு, குருதிக்குழாய், எலும்பு ஆகியவற்றை இணைத்துக் காக்கும் கொலாஜன் என்னும் புரதம் உறுதிபெற இச்சத்து இன்றியமையாதது. மனித உடல் இதனைத் தானே ஆக்குவதில்லை. நெடுநாள் சேமித்து வைப்பதும் இல்லை. ஆயினும் வேண்டுவது சிறிதளவே. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 45 முதல் 90 மில்லிக்கிராம் வரை போதுமென நிபுணர்கள் வகுத்துள்ளனர். நடுத்தரமான ஒரு கொய்யாப்பழமே அதனைத் தந்துவிடும்.

அவ்வாறாயின் 500, 1000 மில்லிக்கிராம் கொண்ட குளிசைகள் எதற்கு? குறைபாட்டின் அறிகுறி உடையோர்க்கும், காய்கனி உண்ண இயலாத நோயாளர்க்கும் அவை மருத்துவர் சொற்படி பயன்தரும். புகைபிடிப்போர்க்கு இச்சத்து நாள்தோறும் 35 மில்லிக்கிராம் கூடுதலாக வேண்டும். ஏனையோர் விழுங்கும் மிகையளவிற் பெரும்பகுதி சிறுநீருடன் கழிந்துவிடும். நாளொன்றுக்கு 2000 மில்லிக்கிராமுக்கு மேற்பட்டால் வயிற்றோட்டம் உண்டாகலாம். சிறுநீரகக்கல் உண்டாகும் இயல்புடையோர்க்கு அவ்விடர் பெருகும். தடிமன் வராது தடுக்கும் என்ற நம்பிக்கையும் ஆராய்ச்சியில் நிலைபெறவில்லை. நாள்தோறும் உட்கொள்வோர்க்குத் தடிமன் சற்று விரைவில் நீங்குகிறது, அவ்வளவே.

பேசாலை, தலைமன்னார் முதலிய கரையோர ஊர்களில் மீனுக்குக் குறைவில்லை. மீன் உடலை வளர்க்கும் புரதத்தைத் தரும். ஆனால் சோறும் கருவாடும் மட்டும் உண்ணும் வீட்டில் வயிறு நிறைந்தாலும் உயிர்ச்சத்து ‘சீ’ நிறையாது. அக்குறையைத் தீர்ப்பது வேலியோர முருங்கையும், முற்றத்துப் பப்பாசியும், தேசிக்காயும், நெல்லியுமே.

சமைக்கும் முறையிலும் கருத்து வேண்டும். இச்சத்து நீரிற் கரைவது, வெப்பத்தில் அழிவது. கீரையை அரிந்தபின் ஊறவைப்பதும், நெடுநேரம் அவித்து நீரை வடித்துக் கொட்டுவதும் சத்தையே கொட்டுவதாகும். கழுவியபின் அரிந்து, மூடியிட்டுச் சிறிது நேரத்தில் இறக்குதல் நன்று. சொதியை அடுப்பினின்று இறக்கியபின் தேசிப்புளி விடும் நம் தாய்மாரின் வழக்கம் அறிவியலுக்கும் உகந்ததே.

அத் தேசிப்புளியால் மற்றொரு நன்மையும் உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்க உயிர்ச்சத்து ‘சீ’ துணைபுரிகிறது. உணவோடு அருந்தும் தேநீரோ அதனைத் தடுக்கிறது. வளரும் பெண்பிள்ளைகளும் கருவுற்ற தாய்மாரும் குருதிச்சோகையால் வாடும் இல்லங்களில் இது சிறிய செய்தியன்று. முருங்கையிலை வறைமேல் சிறிது தேசிப்புளி பிழிந்து, தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் செலவின்றியே பயன் கிட்டும். மருத்துவர் தந்த இரும்புக் குளிசையை மட்டும் இதன்பொருட்டு நிறுத்திவிடலாகாது. குளிசை தேவைப்படுவோர் அதனைப் பெறுக. ஏனையோர் அதற்குச் செலவிடும் பணத்தைக் காய்கனிக்குச் செலவிடுக.