கோவா அடுப்பும் அவகாட்ரோ எண்ணும்

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, விறகடுப்பின் மேல் அகன்ற வாணலியில் சுண்டிச் சுண்டிக் கெட்டிப்படுவதைப் பார்த்து நிற்பவர், நாவின் ருசியைச் சற்றே ஒதுக்கிவைத்து, மேலே போன ஆவி எவ்வளவு இடத்தை அடைத்திருக்கும் என்று வினவுவாரானால், மேல்நிலைப் பள்ளி மாணவரை அச்சுறுத்தும் மோல் என்னும் தத்துவம் அவருக்கு அங்கேயே பிரத்யட்சமாகிவிடும்.

பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு நீர்தான். பத்து லிட்டர் பாலிலிருந்து ஆறு கிலோ நீர் ஆவியாயிற்று என்று கொள்வோம். நீரின் மூலக்கூறு நிறை 18 ஆதலால், 18 கிராம் நீர் ஒரு மோல். ஆறு கிலோ, ஏறக்குறைய 333 மோல். நூறு டிகிரி உஷ்ணத்தில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், ஒரு மோல் நீராவிக்குச் சுமார் 30 லிட்டர் இடம் வேண்டும். ஆகவே, ஒரு சிறு குடத்தில் அடங்கிய நீர், பத்தாயிரம் லிட்டர் ஆவியாய் விரிந்து, ஒரு தண்ணீர் லாரியை நிரப்பும் அளவை எட்டியிருக்கிறது.

மோல் என்பது எடையன்று, கன அளவுமன்று. அது ஓர் எண்ணிக்கை. 6.02214076 × 10²³ என்று 2019 மே 20 முதல் சர்வதேச அளவையில் நிலைபெற்றுவிட்ட அந்த எண்ணைத் தராசும் காட்டாது, கண்ணும் காணாது. ஆயினும், சம உஷ்ணமும் சம அழுத்தமும் உள்ள சம கன அளவு வாயுக்களில் மூலக்கூறுகளும் சமமாகவே இருக்கும் என்று 1811-இல் இத்தாலியரான அவகாட்ரோ உரைத்ததால், வாயுவின் இடத்தை அளந்தே அதன் மூலக்கூறுகளை எண்ணிவிடும் மார்க்கம் மனிதனுக்குக் கிட்டியது. அக்காலத்து விஞ்ஞானிகள் அவ்வுரையைப் பொருட்படுத்தவில்லை. அவர் 1856-இல் மறைந்தபின், 1860-இல் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய ரசாயன மாநாட்டில் அவர் நாட்டவரான கனிசாரோ எடுத்துரைத்த பிறகே அது மதிப்புப் பெற்றது; உயிரோடிருந்து அதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று என் மனம் இன்றும் வருந்துகிறது.

ராஜபாளையத்தில் பஞ்சாலை கண்ட பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1957-இல் தோற்றுவித்த மெட்ராஸ் சிமெண்ட்ஸ், இன்றைய ராம்கோ, இக்கணக்கின் மறுபக்கத்தைக் காட்டும். சிமெண்டுச் சூளையில் நிகழும் முக்கிய வினைகளுள் ஒன்று சுண்ணாம்புக்கல் பிரிதல். தூய கல் நூறு கிலோ வெந்தால், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்ச, 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். அந்த 44 கிலோ சரியாக ஆயிரம் மோல். 27 டிகிரிக்கு ஆறியபின் அதன் கன அளவு சுமார் 24,600 லிட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் போன்றவற்றில் சுதைக்குக் குழைக்கும் சுண்ணாம்போ, அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மீண்டும் கல்லாகிறது. மோலுக்கு மோல் கணக்குப் பிசகுவதில்லை.

இவ்விடத்தில் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரு மோல் வாயுவின் கன அளவென்று மாணவர் மனப்பாடம் செய்யும் 22.4 லிட்டர், பூஜ்யம் டிகிரிக்கும் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கும் உரியது. நீர் உறையும் அந்தக் குளிரை நம் வகுப்பறை ஒருநாளும் கண்டதில்லை. 27 டிகிரியில் அது 24.6, 35 டிகிரியில் 25.3. ஆதலின் 22.4 என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் உஷ்ணத்தையும் அழுத்தத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். வகுப்பறைச் சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டி, இன்றைய மோலுக்கு எத்தனை லிட்டர் என்று பிள்ளைகளையே கணக்கிடச் சொல்லுங்கள்.