வாசலுக்கு எடுத்துவந்து பார்க்க முடியாத புடவை

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டு எடுத்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு புடவை பிடித்துப்போயிருக்கும். ஆனாலும் உடனே வாங்கிவிட மாட்டார்கள். "கொஞ்சம் வெளியே எடுத்துட்டு வாங்களேன்" என்பார்கள். கடைக்காரர் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவார். வெயிலில் அரக்கு அரக்காகவே இருக்கிறதா, ஜரிகை எப்படி மின்னுகிறது என்று பார்த்து, முந்தியை விரித்து, துணியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தடவிய பிறகுதான் விலைப் பேச்சு.

போன ஆவணியில் என் அத்தை, மகளின் வளைகாப்புக்காகக் கைபேசியிலேயே புடவை தேடினார். அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இணையக் கடையின் தேடல் பெட்டியில் 'மயில் கழுத்து' என்று தமிழில் அடித்தார். எதுவும் இல்லை என்று வந்தது. 'எம்.எஸ். ப்ளூ' என்று அடித்தார். அதுவும் இல்லை. கடைசியில் ஆங்கிலத்தில் வெறுமனே 'நீலம்' என்று போட்டபோது பக்கம் பக்கமாகப் புடவைகள் வந்தன. அவர் கேட்ட இரண்டு நிறமும் அதற்குள்ளேயே இருந்தன. ஒன்றைத் தொட்டுத் திறந்தார். மாடல் உடுத்தி நிற்கும் படம், பக்கவாட்டில் ஒரு படம், சிரிக்கும் முகம் ஒன்று. "இதோட முந்தி எங்கப்பா?" என்று கேட்டார். நானும் தேடினேன். எந்தப் படத்திலும் முந்தி முழுதாக இல்லை.

ஓர் இணையக் கடையின் தளத்தை எடைபோட வேண்டும் என்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். வாங்குகிறவரின் கையும் கண்ணும் கடையில் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளுமோ, அதற்கெல்லாம் இந்தப் பக்கம் பதில் சொல்கிறதா? வடிவமைப்பு, வண்ணம், முகப்பில் ஓடும் படங்கள் எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் சரக்குப் பக்கம். கூகுளில் தேடியோ, உறவினர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய இணைப்பைத் தொட்டோ வருகிறவர், முகப்பைப் பார்க்காமலே நேராக ஒரு புடவையின் பக்கத்தில்தான் வந்து இறங்குவார். அந்த ஒரு பக்கமே அவருக்கு முழுக் கடை.

மயில் கழுத்தையே எடுத்துக்கொள்வோம். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்று நெய்வதால் வருகிற நிறம் அது. நேராகப் பார்த்தால் ஒன்று, மடிப்பில் பார்த்தால் இன்னொன்று. அசையாத படம் எத்தனை வைத்தாலும் அந்த மாற்றத்தைக் காட்ட முடியாது. யாராவது புடவையைக் கையில் பிடித்து அசைக்கும் 20 விநாடி வீடியோ காட்டிவிடும். அடுத்து ஜரிகை. பட்டு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் ஏற்றியதா, செம்பை வைத்துச் செய்ததா என்பதைப் பொறுத்து விலை எங்கோ போய் நிற்கும். 'அழகிய ஜரிகை வேலைப்பாடு' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பக்கம் எதுவுமே சொல்லவில்லை என்று பொருள். கரை கோர்வை போட்டு இணைத்ததா, உடலோடு சேர்த்தே நெய்ததா? உடல் ஐந்தரை மீட்டர் இருக்கிறதா, ரவிக்கைத் துணி அதற்குள் அடக்கமா, தனியா? ரவிக்கை எந்த நிறம்? சில்க் மார்க் அட்டை உண்டா? மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த முத்திரை அது. பட்டு சுத்தமானது என்பதற்கு வாங்குகிறவர் நம்பக்கூடிய அடையாளம். 'சுத்தப் பட்டு' என்று பத்து இடத்தில் எழுதும் தளம் அந்த அட்டையின் படம் ஒன்றைப் போடவில்லை என்றால், பெரிய குறை என்றே குறித்துக்கொள்ள வேண்டும்.

தேடல் பெட்டியும் இதில் சேர்ந்ததுதான். கடை ஊழியரிடம் 'ராமர் பச்சை' என்றால் எழுந்துபோய் எடுத்து வருவார். அரக்கு, மாம்பழ மஞ்சள், வெங்காயத் தோல் நிறம் என்று புடவைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் சொற்கள் அந்தப் பெட்டிக்குத் தெரியவில்லை என்றால், கடையில் சரக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான். சரிசெய்வது பெரிய வேலையும் இல்லை. ஒவ்வொரு புடவைக்கும் அந்தப் பெயர்களைக் குறிச்சொல்லாகச் சேர்த்தால் போதும்.

உரிமையாளர்கள் பெரும்பாலும் வேறொன்றைப் பார்க்கிறார்கள்: முகப்பு எப்படி இருக்கிறது என்று. இதற்கு மிகப் பெரிய விலை கொடுத்தது லண்டனிலிருந்து நடந்த பூ டாட் காம் என்ற ஆடைக் கடை. 1999 நவம்பரில் திறந்தார்கள். துணியைச் சுழற்றிப் பார்க்கலாம், பெரிதாக்கிப் பார்க்கலாம், 'மிஸ் பூ' என்ற அசையும் பொம்மை கூடவே வந்து யோசனை சொல்லும். அன்று பெரும்பாலான வீடுகளில் இருந்தது தொலைபேசிக் கம்பி வழியே வரும் மெதுவான இணைப்பு. பக்கம் திறப்பதற்குள் வந்தவர்கள் போய்விட்டார்கள். 2000 மே மாதம் கடையை மூடினார்கள். அதற்குள் சுமார் 13.5 கோடி டாலர் கரைந்திருந்தது. வீண் செலவு, திறப்பு விழா தள்ளிக்கொண்டே போனது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால், தங்கள் அலுவலகக் கணினியில் அழகாக ஓடியது வாங்குகிறவரின் வீட்டுக் கணினியிலும் ஓடும் என்று நம்பியது பெரிய பிழை.

அந்தப் பிழை இன்றைக்கும் நடக்கிறது. கடை அலுவலகத்தில் வைஃபை, புதுக் கைபேசி. வாங்குகிறவர் கையில் மூன்று வருடப் பழைய கைபேசி, பேருந்தில் விட்டுவிட்டு வரும் சிக்னல். பட்டுப் புடவைப் படங்கள் கனமானவை. சுருக்காமல் ஏற்றினால் ஒரு பக்கமே பல மெகாபைட் ஆகும். இதை அளக்கக் கூகுள் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் அசைவு தெரிய வேண்டும். படிக்கும்போதே எழுத்தும் பொத்தானும் இடம் நகரக் கூடாது. வருகிற 100 பேரில் 75 பேருக்காவது இப்படி இருந்தால்தான் தேர்ச்சி. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைப் போட்டால் யாரும் பார்த்துக்கொள்ளலாம். முகப்பை மட்டும் சோதிக்காமல், ஒரு புடவைப் பக்கத்தைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். அத்தை கண்ணாடியைப் போட்டும் துணியின் அளவைப் படிக்க முடியவில்லை.

பணம் கட்டும் இடம் அடுத்தது. இங்கே குறை இருந்தால் அதை வெறும் வசதிக் குறைவு என்று விட்டுவிட முடியாது, அது நேர்மைக் குறைவு. பட்டியலில் 6,800 என்று இருந்த புடவை, கட்டணப் பக்கத்துக்கு வந்தபோது 7,140 ஆகியிருந்தது. அனுப்பும் செலவு, கையில் பணம் கொடுப்பதற்குத் தனிக் கட்டணம், அதோடு நாங்கள் கேட்காத ஒரு பரிசுப் பெட்டி. கூடையை நிரப்பிவிட்டு வாங்காமல் போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று ஆராய்ந்துவரும் டென்மார்க்கின் பேமார்ட் நிறுவனம், கடைசியில் முளைக்கும் இத்தகைய செலவுகளைத்தான் முதல் காரணமாகச் சொல்கிறது. எல்லாக் காரணங்களையும் சேர்த்தால், நிரப்பிய கூடைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் கைவிடப்படுகின்றன என்பது அவர்கள் கணக்கு.

நம் நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், எல்லாச் செலவும் சேர்ந்த மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதன் பிரிவுகளையும் காட்டச் சொல்கின்றன. வாடிக்கையாளர் சம்மதத்தை முன்கூட்டியே டிக் அடித்து வைக்கக் கூடாது. குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அவர் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2023 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டுதல்கள் 13 வகைத் தந்திரங்களைத் தடைசெய்தன. கேட்காததைக் கூடையில் போடுவது, விலையைத் துளித்துளியாக ஏற்றுவது, இல்லாத அவசரத்தைக் காட்டுவது எல்லாம் அதில் அடக்கம்.

அவசர விஷயத்தில் கைத்தறிக் கடைகளுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 'ஒன்றே ஒன்று' என்பது இங்கே பல நேரம் உண்மை. ஒரு நெசவாளர் தறியில் அந்த நிறத்தில், அந்தப் புட்டாவோடு ஒரு புடவைதான் நெய்திருப்பார். 'இன்னும் 10 நிமிடம்தான் இந்த விலை' என்று ஓடும் கடிகாரம் வேறு வகை. மறுநாள் இன்னொரு கைபேசியில் திறந்து பாருங்கள். அது மீண்டும் பத்திலிருந்து ஓடத் தொடங்கினால், அந்தக் கடை சொல்லும் மற்றவற்றையும் நம்ப நான் தயங்குவேன்.

முகவரிக்கு முன்னால் இருக்கும் பூட்டுச் சின்னத்தைப் பார்த்துக் கடையை நம்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டுமே அது சொல்லும். கடை யாருடையது என்று சொல்லாது. மோசடித் தளங்களும் அதை எளிதாகப் பெற்றுவிடுவதால், குரோம் உலாவி 2023இல் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது. பூட்டைவிட முழு முகவரி, எடுக்கப்படும் தொலைபேசி எண், புடவை உடுத்திய வாடிக்கையாளர்கள் தாங்களே எடுத்த படங்கள் ஆகியவற்றுக்கு அதிக மதிப்புக் கொடுக்கலாம். திருப்பி அனுப்பும் விதிகளைப் பணம் கட்டும் முன் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். 'நிற வேறுபாட்டுக்குத் திருப்பி எடுக்க மாட்டோம்', 'பெட்டியைப் பிரிக்கும் வீடியோ இல்லாமல் புகார் ஏற்கமாட்டோம்' என்ற வரிகள் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். நிறத்தைச் சரியாகக் காட்டும் பொறுப்பு கடையுடையது; அதன் சுமை வாங்குகிறவர் தலையில் விழக் கூடாது. தகராறு முற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தளம் நடத்துகிறவர்கள் இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது? ஐந்து பேரை உட்காரவைத்தால் போதும். பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது இது: ஐந்து பேர் பயன்படுத்துவதைக் கவனித்தாலே ஏறத்தாழ 85 சதவீதக் குறைகள் வெளிப்பட்டுவிடும். அந்த ஐவர் கடை ஊழியர்களாக இருக்கக் கூடாது. "8,000 ரூபாய்க்குள் பச்சைப் பட்டு, வரும் 15ஆம் தேதிக்குள் வீட்டுக்கு வர வேண்டும்" என்று ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். "அங்கே கீழே இருக்கு பாருங்கம்மா" என்று சொல்லத் துடிக்கும். சொல்லிவிட்டால் சோதனை கெட்டுவிடும். விரல் எங்கே தயங்குகிறது, எங்கே பின்வாங்குகிறது என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

நிறைகளையும் அதே அக்கறையோடு எழுத வேண்டும். தளத்தைப் புதுப்பிக்கும்போது குறைகளோடு நிறைகளும் அடித்துக்கொண்டு போகப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். பழைய தளம் பார்க்கச் சுமார்தான், ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் தொலைபேசி எண் இருந்தது. புதியதில் எண் போய், அரட்டைப் பெட்டி வந்தது.

அத்தை தேடிய கடையில் அந்த எண் இருந்தது. பக்கத்தின் அடியில், சிறியதாக. அழைத்தோம். எடுத்த பெண், "எந்தப் புடவைம்மா? ஒரு நிமிஷம் இருங்க" என்றார். ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்ஆப்பில் வீடியோ வந்தது. கடை வாசல், நல்ல வெயில், ஒரு கை முந்தியை விரிக்கிறது. பிறகு புடவையை மெல்லத் திருப்ப, நீலத்துக்குள்ளிருந்து பச்சை எழுந்து வந்தது. அத்தை அதை மூன்று முறை பார்த்தார். பரிசுப் பெட்டியை எடுத்துவிட்டுப் பணம் கட்டச் சொன்னார்.