இருமல் இல்லை என்றால் கிருமி இல்லையா?

மலேசியாவின் முதல் மூன்று கோவிட்-19 நோயாளிகள் 2020 ஜனவரியில் ஜொகூர் பாருவில் கண்டறியப்பட்டனர். சிங்கப்பூரில் தொற்று கண்ட ஒருவரின் உறவினர்கள் என்பதாலேயே அவர்களைத் தேடிப் பரிசோதித்தனர்.

காய்ச்சல், இருமல் இல்லாதவரிடம் கிருமி குறைவு என்று நினைக்காதீர்கள். அதே ஆண்டு தென்கொரியாவில் 303 நோயாளிகளை ஆராய்ந்தபோது, அறிகுறி உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் கிருமியின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இருமுபவர் அதிகம் பரப்புவார், உண்மைதான். ஆனால் பேசும்போதும் கிருமி வெளிவரும்.

வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்றால், உங்கள் உடம்பு நன்றாக இருந்தாலும் முகக்கவசம் அணியுங்கள், சுயபரிசோதனை செய்யுங்கள். ஒரு கோடு மட்டும் வந்தால், இரண்டு நாள் கழித்து மறுபடியும் செய்து பாருங்கள். இரண்டு கோடு வந்தால், முக்கியமாக இனிப்புநீர், இருதய நோய் உள்ளவர்கள், உடனே கிளினிக்கை நாடுங்கள். மூச்சுத் திணறினால் 999 அழையுங்கள்.